சமையற் பாடம்: நேப்பிள்ஸ் நகரின் பூண்டுத் தாளிப்பு

வேலை முடிந்து களைத்து வீடு திரும்பும் நாளில், விரைவாகச் சமைக்கும் உணவை எல்லா நாட்டினரும் விரும்புவர். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தாருக்கு அத்தகைய உணவு ‘அல்யோ எ ஒலியோ’. ‘பூண்டும் எண்ணெயும்’ என்பதே அதன் பொருள். அதனைச் செய்யும் முறையை நாம் இன்று கற்போம்.

நால்வருக்கு 400 கிராம் ஸ்பாகெட்டி போதும். நாம் அறிந்த மீயைப் போலக் கோதுமையால் ஆன இதனை, உப்பிட்ட கொதிநீரில் வேகவைக்க வேண்டும். வடிக்குமுன் ஒரு கோப்பை நீரை எடுத்து வைத்தல் வேண்டும்.

இதற்கிடையே, அரைக் கோப்பை ஒலிவ எண்ணெயில், மெல்லியதாக அரிந்த ஆறு பூண்டுப் பற்களையும் ஒரு காய்ந்த மிளகாயையும் இளந்தீயில் வதக்குவோம். பூண்டு வெளிர்பொன்னிறம் அடைந்தவுடன் சட்டியை இறக்கிவிட வேண்டும், கருகினால் கசக்கும். வடித்த ஸ்பாகெட்டியை அதிலிட்டு, எடுத்து வைத்த நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறுவோம். அந்நீரிலுள்ள மாவுச்சத்து எண்ணெயை உணவோடு பிணைக்கும். இறுதியில் நறுக்கிய பார்ஸ்லித் தழையைத் தூவுவோம். அது கிடைக்காதவர் கொத்துமல்லித் தழையைச் சேர்க்கலாம். மணம் மட்டும் வேறுபடும்.

மீந்த பூண்டெண்ணெயைப் போத்தலில் அடைத்து அடுக்களையில் வைத்தல் ஆகாது. காற்றுப்புகாத எண்ணெயினுள் நச்சுக் கிருமி வளரக்கூடும். மணமோ சுவையோ அதனைக் காட்டிக்கொடாது. 1985இல் கனடாவின் வான்கூவர் நகரில், எண்ணெயிலிட்டுக் குளிரூட்டாமல் வைத்திருந்த பூண்டை உண்ட 36 பேர், நரம்புகளைத் தாக்கும் பொட்டுலிசம் நோய்க்கு ஆளாயினர். ஆகவே வேண்டிய அளவே செய்வோம். செய்ததை உடனே உண்போம்.