சொற்களும் பயணம் செய்யும்

சாங்கி விமான நிலையத்தின் புறப்பாட்டுக் கூடத்தில் ஒரு பாட்டியும் பேத்தியும் காத்திருந்தனர். திருச்சிக்குச் சென்று, அங்கிருந்து பாட்டியின் ஊரான நாகப்பட்டினத்திற்குச் செல்வது அவர்களின் திட்டம். அறிவிப்புத் திரையில் அவர்களின் விமானத்திற்கு எதிரே ‘போர்டிங்’ என்னும் சொல் மின்னியது. “போர்டு என்றால் பலகைதானே, கண்ணு? விமானம் ஏறுவதற்கும் பலகைக்கும் என்ன தொடர்பு?” என்று பாட்டி கேட்டார். பேத்தி அந்தச் சொல்லைப் பலமுறை பயன்படுத்தியிருக்கிறாள். ஆனால், அது எங்கிருந்து வந்தது என்று ஒருமுறைகூட எண்ணிப் பார்த்ததில்லை.

பாட்டியின் கேள்விக்கு விடை கடலில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘போர்டு’ என்பது பலகையை மட்டுமன்றி, பலகைகளால் ஆன கப்பலின் பக்கத்தையும் குறித்தது. அதனால் கப்பலில் ஏறுவது ‘போர்டிங்’ ஆயிற்று. பின்னர் விமானங்கள் வந்தபோது, மக்கள் கப்பல் சொற்களையே அவற்றுக்கும் பயன்படுத்தினர். ‘கேப்டன்’, ‘கேபின்’ ஆகியவையும் அவ்வாறு கடலிலிருந்து வானுக்குச் சென்றவையே.

அக்காலத்தில் வட ஐரோப்பியக் கப்பல்களின் வலப்பக்கத்தில் திசைதிருப்பும் துடுப்பு இருந்தது. ஆகவே வலப்பக்கத்திற்கு ‘ஸ்டார்போர்டு’, அதாவது ‘திசைதிருப்பும் பக்கம்’ என்று பெயர். துடுப்பு சேதமடையாமலிருக்க, கப்பலை இடப்பக்கமாகக் கரையில் நிறுத்துவர். இடப்பக்கத்தின் பழைய பெயர் ‘லார்போர்டு’. இவ்விரு சொற்களும் ஏறத்தாழ ஒரேமாதிரி ஒலிக்கின்றன அல்லவா? புயற்காற்றின் இரைச்சலில் கட்டளையைத் தவறாகக் கேட்டால் கப்பல் எதிர்த்திசையில் திரும்பிவிடும். எனவே, 1844ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகம் ‘லார்போர்டு’ என்பதைக் கைவிட்டு, ‘போர்ட்’ என்னும் சொல்லையே பயன்படுத்துமாறு ஆணையிட்டது. தெளிவில்லாத ஒரு சொல் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை மாலுமிகள் நன்கு அறிந்திருந்தனர்.

பயணத்தைக் குறிக்கும் சொற்களும் பழங்கால வாழ்க்கையைக் காட்டுகின்றன. ‘டிராவல்’ என்னும் சொல், கடும் உழைப்பையும் துன்பத்தையும் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. சாலை வசதியற்ற காலத்தில் பயணம் துன்பமாகவே இருந்தது. ‘ஜர்னி’ என்பதும் பிரெஞ்சு வழி வந்ததே. அது முதலில் ஒரு நாளில் கடக்கும் தொலைவைக் குறித்தது.

ஆங்கிலத்திற்குத் தமிழும் ஒரு பயணச் சொல்லைத் தந்திருக்கிறது. சோழமண்டலக் கடற்கரை மீனவர்கள் மரத்துண்டுகளைக் கயிற்றால் கட்டிக் கடலுக்குச் சென்றனர். அந்தக் கட்டுமரத்தை, வில்லியம் டேம்பியர் என்னும் ஆங்கிலேய மாலுமி 1697ஆம் ஆண்டு வெளியான தம் பயண நூலில் அதே பெயரால் குறிப்பிட்டார். இன்று ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ என்பது இரட்டை அடிப்பாகம் கொண்ட படகைக் குறிக்கிறது. சொல் தமிழ்ச்சொல்லே, பொருள்தான் வழியில் மாறிவிட்டது. மலாய் மொழியிலும் கப்பலைக் குறிக்கத் தமிழை ஒத்த சொல்லே வழங்குகிறது. அது தமிழிலிருந்து சென்றது என்பர் அறிஞர்.

ஆனால், ஒலி ஒத்திருப்பதால் மட்டும் ஒரு சொல் தமிழிலிருந்து பிறந்தது என்று முடிவுசெய்யலாகாது. ‘நாவாய்’ என்பதிலிருந்தே ஆங்கில ‘நேவி’ வந்தது என்று சிலர் கூறுவதுண்டு. அச்சொல்லோ கப்பலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. ஆங்கிலேயரும் இத்தகைய கதைகளுக்கு விதிவிலக்கல்லர். பகட்டைக் குறிக்கும் ‘பாஷ்’ என்னும் சொல், கப்பல் பயணச்சீட்டில் அச்சிட்ட நான்கு எழுத்துகளிலிருந்து வந்தது என்று ஒரு கதை உண்டு. இந்தியாவுக்குப் போகும்போது இடப்பக்க அறை, திரும்பும்போது வலப்பக்க அறை என்பதன் சுருக்கமாம் அது! அத்தகைய பயணச்சீட்டு ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை.

ஒரு சொல்லின் பிறப்பை அறிய மூன்று கேள்விகள் உதவும். அது முதலில் எந்த எழுத்துச் சான்றில் காணப்படுகிறது? அவ்விரு மொழியினரும் எங்கே, எப்போது சந்தித்தனர்? சொல்லின் பொருள் எவ்வாறு மாறியது? கட்டுமரம் இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தருகிறது. ஆதாரத்தோடு சொல்லும் ஒரு சொல்லே மொழிக்குப் பெருமை சேர்க்கும். ஆதாரமின்றி நூறு சொற்களுக்கு உரிமை கோரினால், உண்மையான அந்த ஒரு சொல்லையும் பிறர் ஐயுறுவர்.

நாகப்பட்டினக் கடற்கரையில் நின்றபோது, தான் தேடிப் படித்தவற்றைப் பேத்தி பாட்டியிடம் சொன்னாள். பாட்டி வியந்தார். “சின்ன வயதில் இந்தக் கரையில்தான் கட்டுமரங்களைப் பார்த்து வளர்ந்தேன். அந்தப் பெயர் இவ்வளவு தூரம் போயிருக்கிறதா!” என்றார்.

சிந்தித்து விடை கூறுக

1. ‘லார்போர்டு’ என்னும் சொல் ஏன் கைவிடப்பட்டது?
2. ‘கேட்டமரான்’, ‘நேவி’ ஆகிய சொற்களின் பிறப்பைப் பற்றிய கூற்றுகள் எவ்வாறு வேறுபடுகின்றன?
3. நீ அன்றாடம் பயன்படுத்தும் ஒரு பயணச் சொல்லைத் தேர்ந்தெடுத்து, அகராதியின் துணையுடன் அதன் வரலாற்றை ஒரு பத்தியில் எழுதுக.