கொதித்த வோர்ட்டை ஆறவைக்க: ஐஸ் தொட்டியா, செம்புச் சுருளா, கேனா?

ஹாப்ஸ் போட்டுக் காய்ச்சிய மால்ட் சாறுதான் வோர்ட். அடுப்பை அணைத்ததும் அதைச் சட்டென்று ஆறவைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 80 டிகிரிக்கு மேல் கிடக்கும்வரை ஹாப்ஸின் கசப்பு ஏறிக்கொண்டே போகும். வெளிர் மால்ட்டாக இருந்தால் அவித்த மக்காச்சோள வாடையும் தங்கிவிடும். 60க்குக் கீழே இறங்கினால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். வழக்கமான ஏல் ஈஸ்ட்டுக்கோ 20 டிகிரி வேண்டும்.

குளிர்நாட்டுக் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் பெங்களூரில் மாட்டிக்கொள்வீர்கள். ஏப்ரல் மதியம் மொட்டைமாடி சின்டெக்ஸிலிருந்து வருவது வெந்நீருக்குத் தம்பி. உள்ளே ஓடும் தண்ணீரைவிட வோர்ட்டைக் குளிர்விக்க எந்தக் கருவியாலும் முடியாது. தண்ணீரைத் திறந்துவிடவும் மனசு வராது: 2024 மார்ச்சில், குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த ஊர் இது.

சமையலறை அடுப்பில் 5 லிட்டர் காய்ச்சுபவர் எதுவும் வாங்க வேண்டாம். பெரிய டப்பில் தண்ணீர் ஊற்றிப் பாத்திரத்தை மூடியோடு இறக்குங்கள். வெளித்தண்ணீர் சூடானதும் மாற்றுங்கள். ஐஸைக் கடைசிக்கு வையுங்கள். 20 லிட்டரை 97 டிகிரியிலிருந்து (இந்த உயரத்தில் தண்ணீர் அதற்குள் கொதித்துவிடும்) 20க்கு ஐஸால் மட்டுமே இறக்க 15 கிலோவுக்கு மேல் பிடிக்கும். 30லிருந்து 20க்கு இறக்க மட்டும் என்றால் 2 கிலோ, வீணாவதைச் சேர்த்தால் மூன்று.

20 லிட்டர்க்காரருக்கு என் ஓட்டு செம்புச் சுருளுக்குத்தான். ஏசி உதிரிபாகக் கடையில் 3/8 அங்குலக் குழாய் வாங்கி, ஒரு குக்கரைச் சுற்றி வளைத்தால் வேலை முடிந்தது. புதுக் குழாயின் எண்ணெய்ப் பசையைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். கொதி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே உள்ளே இறக்கினால் சுருளும் சுத்தமாகிவிடும். முதலில் வெளிவரும் சுடுதண்ணீரை வாளியில் பிடியுங்கள், பாத்திரம் கழுவ ஆகும். வோர்ட் 40க்கு வந்ததும் குழாயை மூடிவிட்டு, ஏர்கூலர் பம்ப்பை ஐஸ் தண்ணீர் டப்பில் போட்டு, அதே தண்ணீரைச் சுற்றவிடுங்கள். இடையிடையே சுருளை அசையுங்கள். சும்மா விட்டால் அதை ஒட்டிய வோர்ட் மட்டும் குளிர்ந்து, மற்றது அப்படியே சூடாக நிற்கும்.

தகட்டுக் குளிர்விப்பான் வேகமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஹாப்ஸ் சக்கை போய் அடைத்துக்கொள்ளும், போர்வெல் தண்ணீரில் உப்புப் படியும், உள்ளே சுத்தமா என்று கண்ணால் பார்க்கவும் வழியில்லை. வீட்டுக்கு வேண்டாம்.

தண்ணீரே இல்லாத வாரத்தில் ஆஸ்திரேலியர்களின் வழி: சூடு தாங்கும் உணவுத்தர எச்டிபிஇ கேனில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, இறுக மூடி, மறுநாள்வரை விட்டுவிடுவது. கசப்பு கூடும் என்பதால் கடைசி ஹாப்ஸைக் குறையுங்கள். வாரக்கணக்கில் வைக்காதீர்கள், ஈஸ்ட் சேராத வோர்ட்டின் புளிப்பு, நச்சுக் கிருமியைத் தடுக்கப் போதாது.

இன்னொரு குறுக்குவழியும் உண்டு. நார்வே நாட்டு க்வைக் ஈஸ்ட் 35 டிகிரியிலும் ஒழுங்காக வேலை செய்யும். அதை வாங்கினால் ஐஸ் செலவே மிச்சம். எதற்கும் அடுப்பைப் பற்றவைக்குமுன் உரிம விவரத்தைக் கலால் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். 1965ஆம் ஆண்டின் கர்நாடக கலால் சட்டம் மது தயாரிப்பதற்கு உரிமம் கேட்கிறது.