விறகு வாயுவில் ஓட்ட எந்த பிக்கப்?

விறகைக் குறைந்த காற்றில் எரித்து எடுக்கும் விறகு வாயுவுக்கு மாறும் வண்டி, பெட்ரோலில் தந்த சக்தியில் மூன்றில் ஒரு பங்கையாவது இழக்கும்.

1. பெட்ரோல் எஞ்சினையே எடுக்கவும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. பற்றவைக்கக் கொஞ்சம் டீசல் எப்போதும் வேண்டும்.

2. எஞ்சின் பெரிதாக, வண்டி எடை குறைவாக இருக்கட்டும். அமெரிக்காவில் 5.2 லிட்டர் வி8 பொருத்திய பழைய டாட்ஜ் டகோட்டா இதற்கு ஏற்றது. சின்ன எஞ்சின் மேட்டில் திணறும்.

3. இக்னிஷன் டைமிங்கை முன்கூட்ட முடிகிறதா என்று பார்க்கவும். இந்த வாயு மெதுவாக எரியும். கார்புரேட்டர் கால வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தித் திருப்பினாலே போதும். கணினி கட்டுப்படுத்தும் எஞ்சினில் அது அவ்வளவு சுலபமல்ல.

4. கையால் கியர் மாற்றும் வண்டி நல்லது. இழுவை குறைந்ததும் கீழ் கியருக்கு இறங்கலாம்.

5. பின்தொட்டி நீளமாக இருக்க வேண்டும். வாயு உலை, குளிர்விப்பான், வடிகட்டி போக விறகு மூட்டைக்கும் இடம் வேண்டுமே! சேஸிஸை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கவும். துரு பொலபொலவென உதிர்ந்தால் அந்த வண்டி வேண்டாம்.

6. கேபினின் பின்கண்ணாடி ரப்பரில் வெடிப்பு இருந்தால் உடனே மாற்றவும். அதன் வழியே உள்ளே கசியும் வாயுவில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.