புறக்கடைக் கோழி

தமிழில் 'கடை' என்னும் சொல்லுக்கு வாயில் என்பது பழைய பொருள். வீட்டின் முன்வாயில் தலைக்கடை, பின்வாயில் புறக்கடை. பொருள் விற்கும் இடத்தை மட்டுமே கடை என்று அறிந்த நகரத்துப் பிள்ளைகளுக்கு இது வியப்பளிக்கலாம். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் புறக்கடையைத் தாண்டினால் ஒரு முருங்கை மரமோ வைக்கோற்போரோ குப்பைக்குழியோ கண்ணில் படும். அவற்றினிடையே மண்ணைக் கிளறியபடி சில கோழிகள் திரியும். இவ்வாறு வீட்டின் பின்புறத்தில் சில கோழிகளை மட்டும் வளர்ப்பதைப் புறக்கடைக் கோழி வளர்ப்பு என்பர்.

உலகெங்கும் வளர்க்கப்படும் கோழிகளின் முதன்மையான மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி ஆகும். அது இமயமலை அடிவாரக் காடுகளிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் இன்றும் வாழ்கிறது. தென்னிந்தியக் காடுகளில் வாழ்வது அதன் உறவான சாம்பல் காட்டுக்கோழி. மனிதரோடு வாழத் தொடங்கிப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகியும் கோழி தன் காட்டுப் பழக்கங்களை விட்டுவிடவில்லை. இருட்டத் தொடங்கியதும் உயரமான இடத்தைத் தேடுகிறது. இறகில் ஒட்டிய உண்ணிகள் உதிரும்படி புழுதியில் புரண்டு குளிக்கிறது.

சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் மூதாட்டி ஒருவரின் வீட்டில் ஆறு பெட்டைகளும் ஒரு சேவலும் இருந்தன. அவருடைய மகன் தில்லியில் பணியாற்றினார். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்த பேத்தி, அப்பத்தாவின் பின்னாலேயே புறக்கடைக்குச் செல்வாள். காலையில் பஞ்சாரத்தைத் தூக்குவதே அவளுடைய முதல் வேலை. பஞ்சாரம் என்பது கோழிகளைக் கவிழ்த்து மூடுவதற்காக மூங்கிற் பிளாச்சுகளால் பின்னப்பட்ட பெரிய கூடை. அதைத் தூக்கியவுடன் கோழிகள் இறக்கையை உதறிக்கொண்டு வெளியே ஓடும். அப்பத்தா ஒரு கை குருணையையும் கம்பையும் இறைப்பார். மற்ற உணவைக் கோழிகளே தேடிக்கொள்ளும். புழு, பூச்சி, கீரை, சிந்திய நெல், சோற்றுப்பருக்கை என எதையும் அவை விடுவதில்லை. பல் இல்லாத காரணத்தால் சிறு கற்களையும் விழுங்கும். வயிற்றிலுள்ள அரைவைப்பை அக்கற்களைக் கொண்டே தானியத்தை அரைக்கிறது.

ஒரு நாட்டுக்கோழி நாள் தவறாமல் முட்டை இடுவதில்லை. பத்து முதல் பதினைந்து முட்டைகள் வரை இட்டபின் நிறுத்திவிட்டு அடைக்கு அமரும். முட்டைக்குள் கரு வளர்வதற்குத் தன் உடல் வெப்பத்தைத் தருவதே அடைகாத்தல். அப்பத்தா ஒரு பழைய கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, அதில் பதினொரு முட்டைகளை வைத்தார். இடி இடித்தால் முட்டை கெடும் என்று கூறி ஓர் ஆணியையும் கரித்துண்டையும் ஓரத்தில் செருகினார். இடியை ஆணி தடுக்காது. ஆயினும் அந்நம்பிக்கையைப் பாட்டிமார் எளிதில் விடுவதில்லை.

ஏழாம் நாள் இரவு முட்டைகளை ஒவ்வொன்றாக விளக்கொளியின்முன் பிடித்துப் பார்த்தனர். கரு வளரும் முட்டைக்குள் சிவந்த நரம்புகள் சிலந்தி வலைபோல் தெரிந்தன. ஒரு முட்டையில் எதுவும் தெரியவில்லை. "இது கூமுட்டை, ஆத்தா" என்று அப்பத்தா அதனை எடுத்துவிட்டார். பள்ளியில் ஒருவரையொருவர் ஏசுவதற்கு மட்டுமே அச்சொல்லைக் கேட்டிருந்த பேத்திக்கு அதன் உண்மைப் பொருள் அன்றுதான் விளங்கியது.

அடைக்கோழி நாளுக்கு ஒருமுறை மட்டுமே எழுந்து இரை தின்று திரும்பியது. அவ்வப்போது அலகாலும் உடலாலும் முட்டைகளைப் புரட்டிவிட்டது. அப்படிப் புரட்டாவிட்டால் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளக்கூடும். இருபத்தோராம் நாள் ஓடுகளைக் குத்திக்கொண்டு பத்துக் குஞ்சுகள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்றன் தலையில் வெள்ளைப் புள்ளி இருந்தது. பேத்தி அதற்குச் 'சுட்டி' என்று பெயரிட்டாள்.

குஞ்சுகளுக்குக் கரையானைவிடச் சிறந்த தீனி இல்லை. அப்பத்தா ஒரு பழம்பானைக்குள் சாணமும் கிழிந்த கோணியும் வைக்கோலும் இட்டு நீர் தெளித்து, புற்றுள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைப்பார். விடியற்காலையில் பானையை நிமிர்த்தினால் உள்ளே கரையான் மொய்த்திருக்கும். வெயில் ஏறிய பிறகு சென்றால் அவை மண்ணுக்குள் இறங்கிவிடும். ஆகவே பேத்தி விடுமுறையிலும் விடியுமுன் எழுந்தாள். பருந்து வட்டமிட்டால் தாய்க்கோழி எழுப்பும் ஒலி வேறு; இரை கண்டால் எழுப்பும் ஒலி வேறு. சில நாள்களில் இரண்டையும் அவள் பிரித்தறியக் கற்றாள்.

கோழி வளர்ப்பவர் மிகவும் அஞ்சுவது பருந்தையன்று, வெள்ளைக்கழிச்சலையே. இதற்கு இராணிக்கேத் நோய் என்றும் பெயர் உண்டு. உத்தராகண்ட் மாநிலத்தின் இராணிக்கேத் என்னும் மலையூரின் பெயரே அந்நோய்க்கு இந்தியாவில் வழங்குகிறது. இது நச்சுயிரியால் வரும் நோய். கோழி தலை சாய்த்து நிற்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து முறுக்கிக்கொள்ளும். வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரே வாரத்தில் அப்பத்தாவின் கோழிகள் அனைத்தும் மடிந்தன. முதற்கோழி சுருண்டவுடன், எஞ்சியவற்றில் இரண்டை அவர் அவசரமாகப் பக்கத்துத் தெருவில் விற்றுவிட்டார். அந்தத் தெருக் கோழிகளும் மாண்டன. அதனை நினைக்கும்போதெல்லாம் அவர் பேச்சை நிறுத்திவிடுவார். அதன்பின் அவர் தடுப்பு மருந்தைத் தவறவிட்டதில்லை. முதல் வாரத்தில் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ சொட்டுமருந்து விடுவர். எட்டாம் வாரத்தில் இறக்கையின் தோலுக்கடியில் ஊசி போடுவர். நோய் வருமுன் செலுத்தினால்தான் மருந்து காக்கும்.

முட்டை விற்ற காசை அப்பத்தா அரிசிப்பானைக்குள் சேர்த்து வைப்பார். இவ்வாறு பெண்கள் தமக்கெனச் சேர்க்கும் சிறு பணத்திற்குச் சிறுவாடு என்று பெயர். நாமக்கல் பண்ணைகளில் ஒரு வெள்ளைக்கோழி ஆண்டிற்கு முந்நூறு முட்டைகள் வரை இடும். நாட்டுக்கோழி அதில் நான்கில் ஒரு பங்கு இடுவதே அரிது. எனினும் அதன் முட்டைக்கும் இறைச்சிக்கும் விலை மிகுதி. தீனிச் செலவோ மிகக் குறைவு. தில்லியில் பேத்தியின் மேசை மீதிருந்த அகராதி, அந்தச் சிறுவாட்டுக் காசில் வாங்கியதே.

மறு ஆண்டு விடுமுறையில் அவள் வந்தபோது சுட்டி பெரிய சேவலாக வளர்ந்திருந்தது. பழைய சேவலுடன் அது ஓயாமல் சண்டையிட்டது. இரண்டின் கொண்டையிலும் குருதி உறைந்திருந்தது. பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். மிகுந்த சேவல்களை விற்பதும் சமைப்பதும் சிற்றூர் வழக்கம். மகன் குடும்பம் வந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கோழிக்குழம்பு மணத்தது. பேத்தி பஞ்சாரத்தின் பக்கம் சென்று எண்ணிப் பார்த்தாள். திரும்பி வந்து, "எனக்கு ரசம் போதும், அப்பத்தா" என்றாள். அப்பத்தா வற்புறுத்தவில்லை. "பேர் வைக்காதே என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், ஆத்தா" என்று மட்டும் கூறி ரசம் ஊற்றினார்.

ஊருக்குப் புறப்படும் நாளுக்கு முன்னாள் மாலை, அப்பத்தா பதினொரு முட்டைகளைப் பேத்தியின் முன் வைத்தார். அவள் ஒவ்வொன்றின் மீதும் கரிக்கோலால் அன்றைய தேதியை எழுதினாள். இருவருமாக அவற்றை அடைக்கூடையில் அடுக்கினர். ஆணியைச் செருகியவள் பேத்திதான். மூன்று வாரங்கள் கழித்துத் தில்லிக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. ஒன்பது குஞ்சுகள், இரண்டு கூமுட்டை.

பயிற்சி

1. பஞ்சாரம், சிறுவாடு, அரைவைப்பை ஆகிய சொற்களைச் சொந்த வாக்கியங்களில் அமைக்க.
2. நோயுற்ற வீட்டுக் கோழிகளை விற்றதால் நேர்ந்தது யாது? அப்பத்தா வேறு என்ன செய்திருக்கலாம்?
3. உன் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் ஊரில் வழங்கும் கோழி தொடர்பான ஐந்து சொற்களை எழுதுக.