காற்றடைத்த படகில் கடல் மீன்பிடிப்பு: கரைக்காற்றைக் கவனியுங்கள்

பாக் விரிகுடாக் கரையோரத்தைச் சேர்ந்த சிறு விவசாயி ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். இரண்டு ஏக்கர் தென்னை. வீட்டுக்கும் கடலுக்கும் இடையே கூப்பிடு தூரம். 2015-ஆம் ஆண்டு சென்னை வெள்ளத்தின்போது மீட்புப் படையினர் ரப்பர் படகில் சென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தது முதல் அவருக்கு ஓர் எண்ணம். வேலை இல்லாத நாட்களில் அதுபோன்ற படகில் சென்று தூண்டில் போட்டால் வீட்டுக் குழம்புக்கும் ஆகும், மிஞ்சினால் நாலு காசுக்கும் ஆகும் என்பது அவர் கணக்கு. "ரப்பர் படகு கடலில் மூழ்குமா?" என்று கேட்டிருந்தார். இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டதுண்டு.

மூழ்காது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று. "காற்று அடித்தால் என்னைக் கரைக்குத் திரும்ப விடுமா?" என்றே அவர் கேட்டிருக்க வேண்டும்.

ஏன் மூழ்குவதில்லை?

மூன்று மீட்டர் நீளமுள்ள ஒரு ரப்பர் படகை எடுத்துக்கொள்வோம். அதைச் சுற்றியுள்ள காற்றுக் குழாயின் குறுக்களவு 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் நீளக் குழாய் சுமார் 125 லிட்டர் கொள்ளும். முன்பக்க வளைவையும் சேர்த்துக் குழாயின் மொத்த நீளம் 7 மீட்டர் அளவு வரும். ஆகவே ஏறத்தாழ 880 லிட்டர். குழாய் முழுவதும் நீரில் அமிழ வேண்டுமானால் 880 கிலோவுக்கு மேல் பாரம் ஏற்ற வேண்டும். இரண்டு ஆட்கள், படகின் எடை, சிறிய மோட்டார், சாமான்கள் எல்லாம் சேர்ந்தும் 220 கிலோதான். நல்ல படகில் குழாய் மூன்று தனித்தனி அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஓர் அறை கிழிந்து காற்று முழுவதும் போனாலும் மீதி இரண்டும் தாங்கும். திருவிழாக் கடைகளில் விற்கும் ஒற்றை அறைப் பிளாஸ்டிக் படகு குளத்தில் குழந்தைகள் விளையாடத்தான் ஏற்றது. அதைக் கடலுக்கு எடுத்துச் செல்வதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

இதே கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். 880 லிட்டரில் 220 லிட்டர்தான் நீருக்குள் இருக்கிறது. முக்கால் பங்கு நீருக்கு மேலே நின்று காற்றை வாங்குகிறது. பாய் விரித்தது போலத்தான். நம்முடைய கட்டுமரமும் மூழ்காத கலம்தான். ஆனால் அதன் மரங்கள் பெரும்பாலும் நீரோடு நீராகக் கிடக்கின்றன. காற்றுக்குப் பிடி கிடைப்பதில்லை. கட்டுமரத்தில் போகிறவருக்கு உடம்பு நனையும், ஆனால் துடுப்புக்குக் கலம் கட்டுப்படும். ரப்பர் படகில் உடம்பு நனையாது, படகு காற்றுக்குக் கட்டுப்படும்.

பிரான்ஸ் நாட்டு மருத்துவர் அலைன் பொம்பார் 1952-ஆம் ஆண்டு கேனரித் தீவுகளிலிருந்து தன்னந்தனியாகச் சிறு ரப்பர் படகில் புறப்பட்டு, 65 நாட்களில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து பார்படோஸ் தீவை அடைந்தார். மீனைப் பிடித்துப் பச்சையாகத் தின்றும், அதைப் பிழிந்த சாற்றைக் குடித்தும் உயிர் வாழ்ந்தார். கரை ஏறியபோது அவர் உடல் எடை சுமார் 25 கிலோ குறைந்திருந்தது. படகு மூழ்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அங்கே கிழக்கிலிருந்து மேற்கே ஓயாமல் வீசும் காற்று இருக்கிறது; அது தள்ளிய திசையில்தான் அவர் போனார். திரும்பி வர நினைத்திருந்தால் வந்திருக்க முடியாது. அவர் கடல் நீரையும் சிறிது குடித்தார் என்பதைப் பார்த்து நீங்கள் குடித்துவிடாதீர்கள். அது தாகத்தைக் கூட்டி ஆளைக் கெடுக்கும்.

எனக்கு நேர்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன், தொண்டிக்கு வடக்கே ஒரு கிராமத்தில், கடல் நீர் மாதிரி எடுப்பதற்காக நானும் உள்ளூர் நண்பர் ஒருவரும் ரப்பர் படகில் சென்றோம். ஆடி மாதம், காலை ஏழு மணி. கரையோரத் தண்ணீர் குளம் போலக் கிடந்தது. நங்கூரம் வீண் சுமை என்று அதைக் கரையிலேயே வைத்துவிட்டுப் போனவன் நான்தான். மோட்டார் கிடையாது, இரண்டு துடுப்புகள் மட்டுமே. போகும்போது துடுப்பை அதிகம் வலிக்காமலே படகு விரைந்து சென்றது. நாங்கள் மகிழ்ச்சியடைந்தோம். மாதிரி எடுத்து முடித்துத் திரும்பிய பிறகுதான் அந்த மகிழ்ச்சிக்குக் காரணம் விளங்கியது. முக்கால் மணி நேரம் துடுப்பு வலித்தும் கரை கிட்டே வரவில்லை, இன்னும் தள்ளிப்போயிற்று. வலையெடுத்துத் திரும்பிய வள்ளம் ஒன்று எங்களைக் கண்டு கயிறு கட்டி இழுத்து வந்தது. அதில் இருந்த பெரியவர், "ஐயா, காத்து கரையிலருந்து அடிக்கிறப்ப கடல் நல்ல புள்ள மாதிரி படுத்துக் கெடக்கும். அதப் பாத்து இறங்கப்படாது" என்றார். நான் படித்துப் பட்டம் பெற்ற எந்தப் புத்தகத்திலும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை.

அவர் சொன்னதன் காரணம் இதுதான். அலை எழும்புவதற்குக் காற்று நீரின் மேல் நெடுந்தூரம் ஓட வேண்டும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று கரையோரத்தில் அலையை எழுப்ப இடமில்லை. அரை மைல், ஒரு மைல் போன பிறகே அதன் பலம் தெரியும். அதற்குள் படகு அதன் கையில் போய்விடும். எதிராக, கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று முதலிலேயே அலையைக் காட்டிப் பயமுறுத்திவிடும். அப்படியே நாம் போயிருந்தாலும் கரையில்தான் கொண்டு வந்து தள்ளும்.

ஆகவே உங்கள் ஊர்க் கரை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கரை கிழக்கு நோக்கியது. அங்கே ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று ஆளைக் கடலுக்குள் தள்ளும். அந்தத் திசையில் இலங்கையுடனான கடல் எல்லையும் இருக்கிறது. அதைத் தாண்டினால் வரும் துன்பத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் பக்கம் கரை ஏறத்தாழத் தெற்கு நோக்கியது. அங்கே கார்த்திகை, மார்கழி வாடைக்காற்றுதான் பகை. மண்டபம், பாம்பன் பகுதியில் ஒருபுறம் வடகடல், மறுபுறம் தென்கடல். காற்று மாறும்போது அங்குள்ள மீனவர்கள் கடலையும் மாற்றிக்கொள்கிறார்கள்.

பருவக்காற்று அல்லாமல் தினக்காற்றும் உண்டு. இரவிலும் விடியற்காலையிலும் நிலத்திலிருந்தும், நண்பகலுக்குப் பின் கடலிலிருந்தும் வீசுவது வழக்கம். பாய்மரக் காலத்தில் விடியுமுன் கரைக்காற்றில் போய், பிற்பகல் கடற்காற்றில் திரும்புவார்கள். ஆனால் கச்சான் பலமாக இருக்கும் நாட்களில் கடற்காற்று நேரம் கழித்து வரும். சில நாள் வராமலே போகும். அதை நம்பிப் போனவர் நடுக்கடலில் காத்திருக்க வேண்டியதுதான்.

நெல் தூற்றத் தெரிந்த உங்களுக்குக் காற்றுப் பார்க்க நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கரையில் நின்று ஒரு பிடி உலர்ந்த மணலை விடுங்கள். மணல் கடல் பக்கம் பறந்து, தென்னங்கீற்றும் சலசலத்தால் அன்று படகை அவிழ்க்கவே வேண்டாம்.

கடலில் இருக்கும்போது

ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள். தூரம் தெரிந்துகொள்ள ஒரு வழி: படகில் உட்கார்ந்திருப்பவரின் கண் நீருக்கு மேல் சுமார் 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். பூமி உருண்டையாதலால் அந்த உயரத்திலிருந்து சுமார் மூன்றரை கிலோமீட்டர் வரைதான் நீர்மட்டம் தெரியும். கரையோரத்து நீர்க்கோடு மறைந்து தென்னையின் தலைகள் மட்டும் தெரிந்தால் எல்லை மீறிவிட்டீர்கள் என்று பொருள். அதற்கு முன்பே, கரையில் நிற்பவர் ஆணா பெண்ணா என்று தெரியாத தூரம் வந்ததும் திரும்பிவிடுவது நல்லது.

நங்கூரத்தை ஒருபோதும் விட்டுச் செல்லாதீர்கள். பாக் விரிகுடா ஆழமற்றது. பெரும்பகுதி 15 மீட்டருக்குள்தான். ஆகவே 50 மீட்டர் கயிறு இருந்தால் எங்கும் தரை எட்டும். மீன்பிடிக்க நிற்கும்போது ஆழத்தைப் போல ஐந்து மடங்கு கயிறு விட்டால் நங்கூரம் பிடிக்கும். 6 மீட்டர் ஆழத்துக்கு 30 மீட்டர். கயிற்றைப் படகின் முனையில் கட்டுங்கள். பின்பக்கம் கட்டினால் அலை உள்ளே ஏறும். காற்று இழுக்கிறது என்று தெரிந்த உடனே, கை ஓயும் வரை துடுப்புப் போடுவதற்கு முன்பாக, நங்கூரத்தை இறக்கிவிட்டு உதவிக்கு அழையுங்கள். நங்கூரம் பிடிக்காவிட்டால் ஒரு வாளியைக் கயிற்றில் கட்டி முன்முனையிலிருந்து நீரில் விடுங்கள். படகு போகும் வேகம் குறையும். முனையும் காற்றை எதிர்த்து நிற்கும். படகை விட்டு நீந்திக் கரை சேரலாம் என்று குதித்துவிடாதீர்கள். தேடுபவர் கண்ணுக்குப் படகுதான் படும், மனிதன் தலை படாது.

மிதவைச் சட்டையைப் படகில் வைத்திருந்தால் போதாது, அணிந்திருக்க வேண்டும். செல்போனை இரண்டு பாலித்தீன் பைகளில் கட்டிக் கழுத்தில் மாட்டுங்கள். கடலோரக் காவல் குழுமத்தின் எண் 1093. இந்தியக் கடலோரக் காவல்படையின் எண் 1554. மோட்டார் வைத்தால் அதனுடன் வரும் நிறுத்துக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். ஆள் விழுந்தால் மோட்டார் நின்றுவிடும். இல்லாவிட்டால் ஆளில்லாப் படகு வட்டமிட்டுத் திரும்பி வந்து விழுந்தவர் மேலேயே ஏறும்.

முள் மீன்களும் குழாயும்

ரப்பர் படகுக்கு ஏற்றது கைத்தூண்டில். கிழங்கான், ஊடகம் போன்ற மீன்களுக்கு அது போதும். நண்டு வலை வேண்டாம். வலை நிறைய நண்டை இழுத்துக் குழாயின் மேல் போட்டால் அதன் கொடுக்கும் முள்ளும் சும்மா இருக்காது. கெளுத்தி, ஓரா, திருக்கை ஆகியவை மனிதனுக்கும் ஆகாது, படகுக்கும் ஆகாது. மாட்டினால் படகுக்குள் எடுக்காமல் தூண்டில் கயிற்றை அறுத்து விட்டுவிடுங்கள். ஒரு கொக்கியின் விலை பெரிதல்ல. பிடித்த மீனை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் போடுங்கள். மீன் இழுக்கும் பக்கத்தில் குழாயின் மேல் ஈரச் சாக்கை இரட்டையாக மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். கத்திக்கு உறை வேண்டும்.

இந்த மீன்களின் முள் குத்திவிட்டால் கரைக்கு வந்ததும் பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை காயத்தை அமிழ்த்தி வைத்தால் வலி குறையும். வலியில் சூடு தெரியாது. ஆகவே நல்ல கையை முதலில் விட்டுச் சூடு பாருங்கள். பிறகு மருத்துவரிடம் காட்டி, முள் உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்த்து, வில்வாதத் தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஊரும் சட்டமும்

நமக்குத் தரிசாகத் தெரியும் கடலில் மீனவர்களின் வலை வரிசை இருக்கிறது. எங்கே எவர் வலை, எந்த நேரம் எவர் முறை என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு இசைவு பெற்ற பிறகே இறங்குங்கள். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். மோட்டார் இல்லாத பாரம்பரியக் கலங்களுக்கு அதில் விலக்கு உண்டு. உங்கள் ரப்பர் படகு எந்த வகையில் சேரும், பதிவு செய்ய என்ன வேண்டும் என்பதைப் படகு வாங்கிய பிறகல்ல, வாங்கும் முன்பே மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

வருமானத்தைப் பற்றியும் ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறேன். நல்ல படகு ஒன்றுக்குக் கறவை மாட்டின் விலை ஆகும், மோட்டார் தனி. காற்று இடம் கொடுக்கும் நாட்களில் மட்டும் கைத்தூண்டில் போட்டு அந்த முதலை எடுப்பது கடினம். வீட்டுக் குழம்புக்கு என்றால் சரி. பணத்துக்கு என்றால், பக்கத்து ஊர் ஃபைபர் வள்ளத்தில் பங்குக்குப் போவதே என் யோசனை. அப்படிப் போனால் காற்றுப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் கூடவே இருப்பார்.

காற்றும் வெயிலும் எலியும்

இதற்குப் பிறகும் வாங்குவது என்று முடிவு செய்பவர்களுக்காகப் பராமரிப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். சைக்கிள் டயருக்கு 40 பவுண்டுக்கு மேல் காற்று அடிக்கிறோம். ரப்பர் படகுக்குச் சதுர அங்குலத்துக்கு மூன்று, மூன்றரை பவுண்டுதான். அதனால் சிறு மாற்றமும் அதில் பெரிதாகத் தெரியும். 25 டிகிரியில் மூன்றரை பவுண்டு அடித்த படகை வெயிலில் போட்டு உள்காற்று 50 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் ஐந்து பவுண்டுக்கு ஏறிவிடும், ஒட்டுகள் விட்டுக்கொள்ளும். ஆகவே கரையில் ஏற்றியதும் கொஞ்சம் காற்றை இறக்கி, ஓலை நிழலில் வையுங்கள். அதேபோல் சூடான கரையில் அடித்த படகு குளிர்ந்த நீரில் இறங்கியதும் தளரும். பத்து நிமிடம் மிதக்கவிட்டு, மீண்டும் பம்பு போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

காற்று மெதுவாக இறங்கினால் முதலில் வால்வைப் பாருங்கள். பெரும்பாலும் அதில் மணல் இருக்கும். ஓட்டையைச் சோப்பு நீர் தடவிக் கண்டுபிடிக்கலாம். பி.வி.சி. துணியால் ஆன படகுக்குச் சைக்கிள் கடை சொலூஷன் பிடிக்காது. அதற்கென்று உள்ள பாலியூரித்தேன் பசையை இரண்டு பூச்சு தடவி ஒட்டி, ஒரு நாள் முழுவதும் காயவிட வேண்டும்.

ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்திய பிறகே மடியுங்கள். பெட்ரோல், பூச்சிமருந்து வைக்கும் அறையில் வைக்காதீர்கள். மருந்திலுள்ள கரைப்பான் துணியை இளக்கிவிடும். மீன் வாடை போகக் கழுவாத படகை நெல் குதிருக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்த ஒருவரை எனக்குத் தெரியும். மறு பருவத்தில் அவர் அதைப் பிரித்தபோது மடிப்புக்கு மடிப்பு எலி கடித்த துளை. பரணிலிருந்து கயிற்றில் கட்டித் தொங்கவிடுவதே மேல்.