தம்பி, கியர்பாக்ஸை இறக்கறதுக்கு முன்னாடி இதைப் படி

பழைய ஃபோர்டு எண்டவர் ஆட்டோமேட்டிக்கை ஆசைப்பட்டு வாங்கிட்ட. இப்போ 'டி' போட்டா உடனே கிளம்ப மாட்டேங்குது, மெக்கானிக் பாக்ஸை இறக்கணும்னு சொல்றாருன்னு புலம்பற. இறக்க விடாத. சர்வீஸ் கவுன்ட்டர்ல உக்காந்து வண்டிக்காரங்க சொல்றதைக் கேட்டுக் கேட்டு நான் கண்டது இதுதான்: கியர்பாக்ஸ் போச்சுன்னு வர்ற வண்டிகள்ல நிறைய வண்டிக்குக் கோளாறு பாக்ஸுக்கு வெளியதான் இருக்கும். ஆயில், வயரிங், சூடு, இந்த மூணையும் பார்த்து முடிக்கற வரைக்கும் யாரையும் ஸ்பேனர் வைக்க விடாத.

முதல்ல ஆயில். டவுன்ஷிப்புக்குள்ள ஒரு சுத்து ஓட்டிச் சூடாக்கிட்டு, சமமான இடத்துல நிறுத்து. இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கட்டும். பிரேக்கை மிதிச்சுக்கிட்டு பி, ஆர், என், டி எல்லாத்துலயும் சில விநாடி வெச்சு எடுத்துட்டு மறுபடி 'பி'க்கு வா. அப்புறம் டிப்ஸ்டிக்கை உருவித் துடைச்சு, திரும்ப விட்டுப் பாரு. இன்ஜின் ஆயில் பார்க்கற மாதிரி ஆஃப் பண்ணிட்டுப் பார்த்தா அளவு தப்பாத்தான் காட்டும். சில வண்டியில 'என்'ல வெச்சுப் பார்க்கணும், வண்டியோட புக்குல இருக்கும். இன்னும் சிலதுல டிப்ஸ்டிக்கே கிடையாது. லிஃப்ட்ல ஏத்தி, ஆயில் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும் அடியில இருக்கற பிளக்கைத் திறந்து பார்க்கணும். அந்த வேலையை குவார்ட்டர்ஸ் வாசல்ல ஜாக்கி போட்டுச் செய்யாத.

இந்த ஆயில் எரிஞ்சு குறையாது. குறைஞ்சிருந்தா எங்கயோ கசிஞ்சிருக்குன்னு அர்த்தம். அடித்தட்டு கேஸ்கெட், கூலருக்குப் போற ஹோஸ், பின்னாடி ஷாஃப்ட் சீல், இந்த மூணு இடத்துல தேடு. 'டி' போட்டுக் கிளம்ப நேரமாகறதுக்கும், ஆக்சிலரேட்டர் மிதிச்சா ஆர்.பி.எம். மட்டும் ஏறி வண்டி நகராம இருக்கறதுக்கும் நான் முதல்ல சந்தேகப்படறது குறைஞ்ச ஆயிலையும் அடைச்ச ஃபில்டரையும்தான். கிளம்பறப்போ 'டங்'னு ஒரு இடி இடிச்சா இன்ஜின் மவுன்ட்டையும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸையும் ஆட்டிப் பாரு.

ரெண்டு சொட்டை வெள்ளைத் துணியில விடு. சிவப்பா, தெளிவா இருந்தா நல்லது. பழுப்பாகி, கருகின வாசனை வந்தா கிளட்ச் பிளேட் தேயுது. ரோஸ்மில்க் நிறத்துல இருந்தா தண்ணி கலந்திருக்கு, அதுக்கப்புறம் ஸ்டார்ட்டே பண்ணாத. தண்ணி ரெண்டு வழியில வரும். நிறைய வண்டியில கியர்பாக்ஸ் ஆயில் கூலர் ரேடியேட்டருக்குள்ளயே இருக்கும், அது ஓட்டையானா கூலன்ட் கலந்துடும். இன்னொண்ணு, பாக்ஸ் மேல இருக்கற பிரீதர் குழாய் முங்கினாலும் உள்ள போகும். 2015 நவம்பர்ல நம்ம கடலூர் மாவட்டம் வெள்ளத்துல கிடந்தது ஞாபகம் இருக்கில்ல? அந்த மாதிரி தண்ணிக்குள்ள ஓட்டி வந்த எந்த வண்டியா இருந்தாலும் ஆயில் நிறத்தைப் பார்க்காம விடக்கூடாது. தண்ணி பட்டா கிளட்ச் பிளேட்டுல ஒட்டியிருக்கற பட்டையே கழண்டு வந்துடும்.

அடுத்தது வயரிங். வண்டி ஒரே கியர்ல மாட்டிக்கிட்டு இழுவையா போகுது, ஆஃப் பண்ணிப் போட்டா கொஞ்ச நேரம் சரியாகுதுன்னா, பாக்ஸ் தன்னைக் காப்பாத்திக்க அப்படி ஓடுது. பேட்டரி வோல்ட்டேஜைப் பாரு. கியர்பாக்ஸ் பக்கத்துக் கனெக்டரைக் கழட்டி உள்ள ஈரம், பச்சை பூத்திருக்கான்னு பாரு. நம்ம பிளாக்குகள்ல வீட்டுக்கு வீடு மரம், எலிக்குக் குறைவே இல்ல, வயரைக் கடிச்சு வெச்சிருக்கும். ஸ்கேனர் போட்டா பி0700ன்னு மட்டும் சொல்லி அனுப்புவாங்க. அது கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு கோடு இருக்குன்னு சொல்ற பொதுக் கோடுதான். உள்ள இருக்கற சரியான கோடை எழுதி வாங்கு. பி0720ன்னு வந்தா முதல்ல அவுட்புட் ஸ்பீடு சென்சாரையும் அதோட வயரையும் பார்த்தா போதும். அதுக்குப் போய் பாக்ஸை இறக்குவாங்களா? 'பி'ல இருந்து லீவர் நகரவே இல்லன்னா பிரேக் லைட் எரியுதான்னு பாரு. ஃபியூஸோ பிரேக் சுவிட்ச்சோ போயிருக்கலாம்.

சூடுதான் பழைய பாக்ஸுக்கு எமன். அப்பா மைன்ல டோசர் ஓட்டினப்போ ஆயில் டெம்பரேச்சர் முள்ளு மேல ஒரு கண்ணு வெச்சுக்கிட்டே இருப்பாரு. முழுசா நிக்காம ரிவர்ஸ் போடவே மாட்டாரு. அந்த டோசர்ல இருக்கற டார்க் கன்வெர்ட்டர்தான் உன் வண்டியிலயும் இருக்கு. எதிரெதிரா வெச்ச ரெண்டு ஃபேன்ல ஒண்ணு சுத்த, அந்தக் காத்துல இன்னொண்ணு சுத்தற மாதிரி, இங்க ஒண்ணு தள்ளற ஆயில் இன்னொண்ணைச் சுத்த வைக்குது. வண்டி மெதுவாப் போய் இன்ஜின் மட்டும் வேகமாச் சுத்தினா அந்த வித்தியாசம் பூரா சூடாகுது. அதனால சாமியார்பேட்டை கடற்கரை மணல்லயோ பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புச் செம்மண்லயோ திணறினா ஃபோர்-வீலை 4ஹெச்ல வெச்சு முறுக்கிக்கிட்டே இருக்காத, 4எல்லுக்கு மாத்து. சூட்டு விளக்கு எரிஞ்சா நிறுத்தி 'பி'ல போட்டு இன்ஜினை ஓட விடு. பம்ப் ஓடினாதான் ஆயில் கூலருக்குப் போகும், உடனே ஆஃப் பண்ணினா சூடு உள்ளயே நிக்கும். முன்னாடி இருக்கற கூலர்ல செம்மண் புழுதி அடைஞ்சிருக்கும், குறைஞ்ச பிரஷர்ல தண்ணி விட்டுக் கழுவு. ஃபோர்-வீலுக்குத் தனி லீவர் இருந்து, அது 'என்'ல நின்னா, மெயின் லீவரை 'பி'ல போட்டாலும் வண்டி உருளும். ஹேண்ட் பிரேக்கை முதல்ல போடு.

ஆயில் மாத்தறப்போ மெர்க்கான், டொயோட்டா டபிள்யூ.எஸ்., மிட்சுபிஷி எஸ்.பி.3 எல்லாம் வேற வேற. புக்குல இருக்கறதையே வாங்கு. வடிச்சா முழுசும் வராது, நிறைய ஆயில் கன்வெர்ட்டர்லயே நின்னுடும். கொஞ்சம் ஓட்டிட்டு மறுபடி வடிச்சு ஊத்து, பழைய பாக்ஸுக்கு மெஷின் வெச்சுப் பிரஷர்ல கழுவறது எனக்குப் பிடிக்காது. அடித்தட்டுக் காந்தத்துல சாம்பல் நிறப் பசை இருந்தா அது சாதாரணத் தேய்மானம். தகடு தகடா உலோகத்துண்டு இருந்தாத்தான் கவலை.

அப்படித் துண்டு இருந்தா, இல்ல ஆயில் சரியா இருந்தும் வழுக்கினா, ரிவர்ஸே பிடிக்கலன்னா, பாக்ஸை இறக்கித்தான் ஆகணும். இறக்கறதுக்கு முன்னாடி ஆயில் பிரஷர் அளந்து காட்டச் சொல்லு. மறைமலை நகர்ல இந்த வண்டிகளைச் செஞ்ச ஃபோர்டு, இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்தறதா 2021 செப்டம்பர்லயே அறிவிச்சிட்டாங்க. பார்ட்ஸ் எங்க, என்ன விலைன்னு தெரிஞ்ச பிறகே கழட்டச் சொல்லு, இல்லன்னா வண்டி ஷெட்டுலயே கிடக்கும். டார்க் கன்வெர்ட்டரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லு, கூலரையும் அதோட குழாய்களையும் கழுவினதை நேர்ல நின்னு பாரு. அதுல தங்கின பழைய துகள் புது கிளட்ச்சையும் தின்னுடும்.