சலசலப்பு அடங்கட்டும்: முறுக்குச் சட்டிக்குள் ஓர் அறிவியல் பாடம்



தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே தோட்டத்து லயங்களில் முறுக்கு வாசம் கிளம்பிவிடும். ரந்தாவ், லிங்கி, சிலியாவ், லாபு, பகாவ் என்று நெகிரி செம்பிலானின் எந்தப் பக்கம் போனாலும் இதுதான் கதை. இன்று நம்மில் பலர் லயத்தை விட்டுச் சிரம்பான், செனாவாங், நீலாய் தாமான்களுக்குக் குடிவந்துவிட்டோம். ரப்பர் விறகு எரிந்த அடுப்பு போய் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. ஆனால், முறுக்கு சுடும் நாளில் நாலு வீட்டார் ஒன்றுகூடி ஒருவர் மாவு பிசைய, ஒருவர் பிழிய, ஒருவர் சட்டியருகே நிற்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. இந்த வருடம் சட்டியருகே நீங்களும் நிற்கப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பையன்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அங்கே வெப்பமானியும் இருக்காது, கடிகாரமும் இருக்காது. முறுக்கு வெந்ததா என்று கேட்டால் பாட்டி சொல்வது ஒன்றுதான்: "சத்தம் அடங்குச்சா? அப்ப எடு." இது ஏதோ கைப்பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் இயற்பியல் நூலில் ஒரு பாடமே இந்த வாக்கியத்துக்குள் இருக்கிறது.

முதலில் மாவைப் பார்ப்போம். அரிசியில் பெரும்பகுதி மாச்சத்து. கோதுமையில் இருப்பதுபோல இழுபடும் பசைப் புரதம் அரிசியில் இல்லை. அதனால் வெறும் அரிசி மாவைப் பிசைந்து பிழிந்தால் துண்டு துண்டாக உடையும். வறுத்து அரைத்த உளுந்தைச் சேர்ப்பது இதற்காகத்தான். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது பல வீடுகளில் உள்ள கணக்கு. உளுந்தின் புரதமும் அதிலுள்ள பிசுபிசுப்பான பொருள்களும் மாவைப் பிடித்துவைக்கின்றன. வெண்ணெயோ மார்ஜரினோ சேர்த்தால், கொழுப்பு மாவுத் துகள்களைப் போர்த்தி அவை ஒன்றோடொன்று இறுக ஒட்டாமல் தடுக்கும். கடித்தவுடன் 'மொறுக்' என்று உடைவதற்கு இது காரணம். கொழுப்பு அளவு மீறினால் பிடிமானமே போய், எண்ணெய்யில் போட்ட முறுக்கு கரைந்து பொடியாக மிதக்கும். நம் நாட்டில் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைபவர்களும் உண்டு. ருசி கூடும். ஆனால் நிறமும் சீக்கிரம் ஏறும். ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

இனி எண்ணெய். முறுக்கு சுடும் எண்ணெய் ஏறத்தாழ 170 முதல் 180 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கும். நீர் கொதிப்பது 100 பாகையில். ஈர மாவு எண்ணெய்யில் விழுந்ததும் அதன் மேற்பரப்பில் உள்ள நீர் உடனே ஆவியாகிக் குமிழிகளாக வெளியேறும். நீங்கள் கேட்கும் சலசலப்பு எண்ணெய் கொதிக்கும் சத்தமன்று. மாவிலிருந்து நீர் தப்பி ஓடும் சத்தம் அது.

இங்கே ஒரு கணக்குப் போடுவோம். அரை கிலோ மாவுக்கு 300 மில்லிலிட்டர் நீர் ஊற்றிப் பிசைகிறோம் என்க. அந்த 300 கிராம் நீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்க 0.3 × 4.2 × 70, அதாவது சுமார் 88 கிலோஜூல் போதும். அதே நீரை 100 பாகையிலேயே ஆவியாக்க 0.3 × 2260, அதாவது 678 கிலோஜூல் வேண்டும். ஏறக்குறைய எட்டு மடங்கு! படிவம் 4 இயற்பியலில் ஹாபா பெண்டாம் என்று படிப்பீர்களே, அந்த உள்ளுறை வெப்பம் இதுதான். இத்தனை வெப்பத்தையும் எண்ணெய்தான் கொடுக்க வேண்டும். ஆசைப்பட்டு ஒரே நேரத்தில் பத்து முறுக்கைப் போட்டால் எண்ணெய்யின் சூடு சட்டென்று இறங்கும்; நீர் மெதுவாக வெளியேறும்; முறுக்கு எண்ணெய் குடித்துச் சொதசொதவென்று ஆகிவிடும்.

நீர் ஆவியாகிக்கொண்டிருக்கும்வரை முறுக்கின் உட்பகுதி 100 பாகையை ஒட்டியே நிற்கும். எண்ணெய் 180 பாகையில் இருந்தாலும் அப்படித்தான். அந்த நேரத்தில் உள்ளே மாச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி, உப்பி, கஞ்சிபோல் குழைகின்றன. பிறகு நீர் வற்ற வற்றக் குமிழிகள் குறைகின்றன, சத்தம் அடங்குகிறது. அப்போதுதான் முறுக்கின் சூடு 100 பாகையைத் தாண்டி ஏறத் தொடங்கும். பாட்டியின் காது அளந்தது முறுக்கில் மிஞ்சியிருக்கும் நீரின் அளவை.

சத்தம் அடங்கியபின் நிறம் ஏறுவது வேகமாகிறது. சர்க்கரையும் புரதத்தின் அமினோ அமிலங்களும் சூட்டில் இணைந்து பொன்னிறத்தையும் வாசத்தையும் உண்டாக்குகின்றன. இதை 1912-ஆம் ஆண்டில் விளக்கியவர் பிரெஞ்சு அறிஞர் லூயி கமில் மையார். அவர் பெயரால் இது மையார் வினை எனப்படுகிறது. சுமார் 140 பாகைக்கு மேல் இது விரைவாக நடக்கும். ரொட்டியின் மேலோடு, வறுத்த காப்பிக்கொட்டை, சாத்தே என எல்லாவற்றின் வாசத்திலும் இதற்குப் பங்குண்டு. தேங்காய்ப்பாலில் சர்க்கரையும் புரதமும் இருப்பதால், அது சேர்ந்த மாவில் இந்த வினைக்கு வேண்டிய சரக்கு கூடுதல். முன்பு விட்ட கேள்விக்கு இதுதான் விடை.

பொன்னிறத்தில் நிறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாச்சத்து மிகுந்த உணவை அதிகச் சூட்டில் பொரிக்கும்போதும் சுடும்போதும் அக்ரிலமைடு என்ற பொருள் உருவாவதை 2002-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இது மையார் வினையின் பக்க விளைவு. நிறம் கறுக்கக் கறுக்க இதன் அளவும் கூடும். பொன்னிற முறுக்கைத் தின்னப் பயப்பட வேண்டாம். கருகியதை 'பரவாயில்லை, மொறுமொறுப்பாக இருக்கிறது' என்று தேடித் தின்னவும் வேண்டாம்.

முறுக்கு அச்சில் ஏன் நட்சத்திரத் துளை? அழகுக்கு மட்டுமல்ல. பள்ளமும் மேடுமாக இருந்தால் அதே அளவு மாவுக்கு அதிக மேற்பரப்பு கிடைக்கும். எண்ணெய்யின் சூடு எளிதில் உள்ளே போகும், நீராவி எளிதில் வெளியே வரும். வழவழப்பான, கெட்டியான உருண்டையில் ஆவிக்கு வழி கிடைக்காது. சீடை சில நேரம் எண்ணெய்யில் வெடித்துச் சிதறுவது இதனால்தான். கனமும் முக்கியம். 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள உருளையில் ஒவ்வொரு கன மில்லிமீட்டர் மாவுக்கும் சுமார் 0.67 சதுர மில்லிமீட்டர் மேற்பரப்பு உண்டு. தடிப்பு 10 மில்லிமீட்டர் ஆனால் அது 0.4 ஆகக் குறைந்துவிடும். தடித்த முறுக்கு வெளியே சிவந்தும் உள்ளே மெத்தென்றும் இருப்பதன் மர்மம் விளங்கியிருக்கும்.

இப்போது, தோட்டத்துப் பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடிய பகுதிக்கு வருவோம். சட்டியில் இருப்பது பெரும்பாலும் செம்பனை எண்ணெய். மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மரம், நம் நாட்டில் வாணிக அளவில் முதலில் பயிரானது 1917-இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். பின்னர் நெகிரியிலும் பால் மரங்கள் இருந்த பல இடங்களைச் செம்பனை பிடித்துக்கொண்டது. வெட்டிய குலையை அன்றைக்கன்றே ஆலைக்கு அனுப்ப வேண்டும் என்று ஏன் அவசரப்படுத்துகிறார்கள் தெரியுமா? பழத்தில் அடிபட்டவுடன் அதிலுள்ள லைபேஸ் என்ற நொதி கொழுப்பை உடைத்துத் தனிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றத் தொடங்கிவிடும். எண்ணெய்யின் தரம் மணிக்கு மணி இறங்கும். ஆலையில் குலைகளை முதல் வேலையாக அழுத்தமுள்ள நீராவியில் அவிப்பது அந்த நொதியைச் செயலிழக்கச் செய்யத்தான்.

இதே வேலையை உங்கள் சட்டியில் சூடும் நீரும் சேர்ந்து செய்கின்றன. ஒவ்வொரு ஈட்டு முறுக்கும் எண்ணெய்க்குள் நீராவியை விடுகிறது. சிறிதளவு கொழுப்பு உடைந்து தனிக் கொழுப்பு அமிலம் ஆகிறது. சுத்திகரித்த புதுச் செம்பனை எண்ணெய் 220 பாகையை ஒட்டித்தான் புகைய ஆரம்பிக்கும். திரும்பத் திரும்பப் பயன்படுத்திய எண்ணெய்யோ அதைவிடக் குறைந்த சூட்டிலேயே புகையும். கறுத்த நிறம், அடங்காத நுரை, பிசுபிசுப்பு, மூக்கைத் துளைக்கும் புகை ஆகியவை தெரிந்தால் அந்த எண்ணெய்க்கு விடைகொடுங்கள். சட்டியில் மிதக்கும் தூளை ஈட்டுக்கு ஈடு வடித்தெடுத்தால் எண்ணெய் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். (ஒரு சின்ன வேடிக்கை: இந்த எண்ணெய்யைக் கொஞ்சம் சிறு பாட்டிலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் கலங்கி உறைந்திருக்கும். கெட்டுப்போய்விட்டது என்று கொட்டாதீர்கள். நிறைவுற்ற கொழுப்பு படிகமாகியிருக்கிறது, அவ்வளவுதான். வெளியே வைத்தால் தெளிந்துவிடும்.)

அடுத்து வரும் பத்தியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். வீட்டில் சத்தமாகவும் படித்துக் காட்டுங்கள்.

அடுப்பைத் தணிக்காமல் வாசலில் வந்தவரிடம் பேசப் போய்விட்டால் எண்ணெய் புகைந்து, சூடு 300 பாகையையும் தாண்டி ஏறி, தானாகவே தீப்பிடிக்கும். அப்போது கை தானாகத் தண்ணீரைத் தேடும். தண்ணீர் ஊற்றவே கூடாது. நீர் எண்ணெய்யைவிட அடர்த்தியானது. ஊற்றியதும் அடியில் இறங்கும். அங்கே 300 பாகைச் சூட்டில் நொடியில் ஆவியாகும். நீர் ஆவியானால் அதன் கன அளவு சுமார் 1700 மடங்கு பெருகும். ஒரு குவளை, அதாவது 200 மில்லிலிட்டர் நீர், 300 லிட்டருக்கு மேற்பட்ட ஆவியாக வெடித்துக் கிளம்பி, எரியும் எண்ணெய்யைக் கூரைவரை வீசும். செய்ய வேண்டியது: எட்ட முடிந்தால் கேஸை மூடுங்கள். சட்டியைவிடப் பெரிய உலோக மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடுங்கள். ஆக்சிஜன் இல்லாமல் தீ தணியும். சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடாதீர்கள். அரைமணி நேரமாவது மூடியைத் திறக்காதீர்கள். தீ மூடிக்கு அடங்காததாக இருந்தால் எல்லாரையும் வெளியேற்றிவிட்டு 999-ஐ அழையுங்கள். கையில் எண்ணெய் தெறித்துவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, கிச்சாப், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தால் கிளினிக்குக்குப் போங்கள். தம்பி தங்கைகளைச் சட்டிக்கு இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்துவது உங்கள் பொறுப்பு.

சுட்டு முடித்த முறுக்கு ஏன் நமுத்துப்போகிறது? இதற்குப் பதில் ரப்பரிடம் இருக்கிறது. ரப்பர், மாச்சத்து இரண்டுமே நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனவை. இத்தகைய பொருள்களுக்கு இரு நிலைகள் உண்டு. சங்கிலிகள் அசைய முடியாமல் உறைந்திருந்தால் கண்ணாடி நிலை, அடித்தால் நொறுங்கும். அசைய முடிந்தால் ரப்பர் நிலை, வளையும், இழுபடும். இயற்கை ரப்பரை ஏறத்தாழ சுழியத்துக்குக் கீழே 70 பாகைக்குக் குளிர்வித்தால் அதுவும் கண்ணாடிபோல் உடையும். நீர் வற்றிய முறுக்கின் மாச்சத்து நம் வீட்டுச் சூட்டிலேயே கண்ணாடி நிலையில் இருக்கிறது. காற்றின் ஈரம் உள்ளே புகுந்தால் நீர் மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு நடுவில் நுழைந்து அவற்றை அசையவிடும். மொறுமொறுப்பு போய் முறுக்கு ரப்பர் நிலைக்கு வந்துவிடும். நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கிறது. தீபாவளியோ மழைக்காலத்தில் வருகிறது. சொல்லவே வேண்டாம்.

மைலோ டின்னில் அடைப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் சூட்டோடு அடைத்தால் உள்ளே எஞ்சிய ஆவி மூடியில் நீராகப் படிந்து மீண்டும் முறுக்கின்மேலேயே சொட்டும். முழுதும் ஆறியபின் அடைக்க வேண்டும். வெயில் படும் கண்ணாடிப் புட்டியைவிட டின் மேல். ஒளியும் ஆக்சிஜனும் கொழுப்பைத் தாக்கி, வாரக்கணக்கில் வைத்த பலகாரத்தில் காறல் வாடையை உண்டாக்கும்.

இதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒரே ஈட்டில் சுட்ட முறுக்குகளில் மூன்று கூறு எடுங்கள், ஒவ்வொன்றும் 50 கிராம். முதல் கூற்றைத் திறந்த தட்டில் வையுங்கள். இரண்டாவதைச் சூட்டோடு டின்னில் அடையுங்கள். மூன்றாவதை ஆறியபின் அதே மாதிரி டின்னில் அடையுங்கள். தமிழ்ப்பள்ளியில் படித்த மூன்று மாறிகளும் நினைவிருக்கிறதா? வைக்கும் முறை தற்சார்பு மாறி. நிறையில் வரும் மாற்றம் சார்பு மாறி. முறுக்கின் வகை, தொடக்க நிறை, வைக்கும் இடம் ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். கேக் செய்யும்போது பயன்படுத்தும் மின் தராசு போதும். ஐந்து நாள், ஒரே நேரத்தில், நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். நிறுத்தபின் ஒவ்வொரு கூற்றிலிருந்தும் ஒரு சிறு துண்டைக் கண்ணை மூடிக்கொண்டு கடித்து, எது எதுவென்று சத்தத்தை வைத்தே சொல்ல முடிகிறதா என்று நண்பரோடு பாருங்கள். தின்ற துண்டின் நிறையைக் கணக்கில் கழிக்க மறக்காதீர்கள். ஆண்டுதோறும் இந்தச் சோதனையில் 'முறுக்கின் நிறை குறைந்தது' என்று எழுதி வருபவர்கள் இருக்கிறார்கள்.